மறதி நோயாளி வேண்டுமென்றே படுத்துகிறாரா? உண்மை விளக்கம்

"மறதி நோய் வந்தவர்கள் வேண்டுமென்றே கேட்டதையே கேட்பார்கள், அதட்டினால் அடங்கிவிடுவார்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

மறதி நோயின் முக்கிய வகையான அல்சைமரில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது புது நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி. "அப்பா எங்கே?" என்று அம்மா பத்தாவது முறை கேட்டாலும் அவருக்கு அது முதல் முறைதான். அதட்டினால் பதில் மறந்துபோகும், பயம் தங்கிவிடும். "இறந்துட்டார்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லாதீர்கள். அவருக்கு அது புதுச் சாவு. "அப்பா ஞாபகம் வந்துடுச்சாம்மா?" என்று கையைப் பிடித்துக்கொண்டு, கவனம் திரும்ப, உரிக்க நாலு பல் பூண்டு கொடுங்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

கவனிப்பவருக்குக் கோபம் வருவது தூக்கம் கெட்டுப்போவதாலும் இருக்கலாம். பாசம் குறைந்துவிட்டதாக எண்ணிக் குமைய வேண்டாம். வாரத்தில் இரண்டு இரவாவது வேறொருவர் விழித்திருக்கட்டும். மனம் தாங்கவில்லையென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.