எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மொழி செய்யட்டும்

தமிழ் இலக்கணத்தை ஆசையாகப் படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளையைப் பார்ப்பது அரிது. வினைமுற்று, எச்சம், வேற்றுமை என்று வரிசையாக வரும். வரையறையை மனப்பாடம் செய்வார்கள், புத்தகத்தில் இருக்கும் அதே எடுத்துக்காட்டை எழுதுவார்கள், மதிப்பெண் வாங்குவார்கள். தேர்வு முடிந்த மறுநாள் ஒன்றும் மனதில் இருக்காது. காசிமேட்டில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள் நான். இலக்கணம் புரிய வேண்டுமென்றால் பிள்ளைகளை ஒரு புது மொழி உருவாக்கச் சொல்லுங்கள் என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல வருகிறேன். சொல், விதி எல்லாம் அவர்களே சொந்தமாக யோசித்துச் செய்யட்டும்.

எங்கள் பிள்ளைகள் செய்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இவ்வளவு உறுதியாக எழுதுகிறேன்.

தொடக்கம் பாகுபலி. அதில் காலகேயர்கள் பேசும் கிளிக்கியைத் தெரியாத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. சும்மா வாய்க்கு வந்ததைக் கத்துகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது மதன் கார்க்கி உருவாக்கிய மொழி, படத்துக்காகவே ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் வைத்துச் செய்தது என்று சொன்னதும் நம்பவே இல்லை. ‘மின்’ என்றால் நான். அதையே திருப்பிப் போட்டு ‘நிம்’ என்றால் நீ. இதைச் சொன்னவுடன் ஒரு பையன் கேட்டான்: “அப்போ அவன்றதுக்கு இன்னாக்கா பண்ணுவாங்க? திருப்புறதுக்கு மூணாவது பக்கம் இல்லியே?” தன்மை, முன்னிலை, படர்க்கை என்று அவன் எத்தனையோ முறை எழுதியிருப்பான். இடம் ஏன் மூன்றாக இருக்கிறது என்று யோசித்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் எஸ்பெராண்டோ, சாமென்ஹோஃப் என்பவர் உருவாக்கிய மொழி. இன்றைய போலந்தில் இருக்கும் பியாவிஸ்டாக் என்ற ஊரில் 1859-இல் பிறந்த சாமென்ஹோஃப் ஒரு கண் மருத்துவர். அவர் ஊரில் போலிஷ், ரஷ்யன், ஜெர்மன், யூதர்களின் யித்திஷ் என்று ஆளுக்கொரு மொழி. ஒருவரை ஒருவர் நம்பாமல் வாழ்ந்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக, எளிதாக ஒரு மொழி இருந்தால் பகை குறையும் என்று அவர் மனதார நம்பினார். 1887-இல் வார்சாவில் ஒரு சிறு புத்தகமாக அதை வெளியிட்டார். மொத்தம் 16 விதிகள், சுமார் 900 வேர்ச்சொற்கள். பெயர்ச்சொல் ‘ஓ’வில் முடியும், பெயரடை ‘ஆ’வில் முடியும். வினையில் ‘அஸ்’ வந்தால் நிகழ்காலம், ‘இஸ்’ வந்தால் இறந்தகாலம், ‘ஓஸ்’ வந்தால் எதிர்காலம். நானோ நீயோ அவர்களோ, யார் செய்தாலும் வினை மாறாது.

பிள்ளைகளுக்கு முதலில் ஒரே குஷி. “தமிழ்லயும் இப்டியே வச்சிருக்கலாமே, வந்தேன் வந்தாய் வந்தாள்னு எதுக்கு இத்தினி?” என்றார்கள். சரி, ‘வந்தாள்’ என்று மட்டும் சொன்னால் யாரென்று தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது. எஸ்பெராண்டோவில் வினையை மட்டும் சொன்னால்? தெரியாது, ‘அவள்’ என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். விகுதி என்ன வேலை செய்கிறது என்பது அந்தக் கேள்வியிலேயே விளங்கிவிட்டது. திணை, பால், எண், இடம் காட்டுவது விகுதி என்று நான் நூறு முறை எழுதிப்போட்டிருந்தாலும் அது நடந்திருக்காது.

அவதார் படத்துக்காகப் பால் ஃப்ரோமர் செய்த நாவி மொழி வேறு மாதிரி. 2009-இல் படம் வந்தது. அதில் காலத்தைக் காட்டும் எழுத்துகள் வினைக்குப் பின்னால் ஒட்டாது, வினைக்குள்ளேயே புகுந்துகொள்ளும். ‘தரோன்’ என்றால் வேட்டையாடு. ‘தயரோன்’ என்றால் இனிமேல் வேட்டையாடப்போவது. ‘தொலரோன்’ என்றால் வேட்டையாடி முடிந்தது. நம் ‘செய்தான்’ என்பதில் ‘த்’ நடுவில் நின்று காலம் காட்டுகிறது அல்லவா? அதற்கு இடைநிலை என்று பெயர். ஆனால் நமக்கு ‘செய்’ என்ற பகுதி உடைவதில்லை. அங்கே பகுதியையே பிளந்துகொண்டு நடுவில் உட்காருகிறது. பகுபத உறுப்பிலக்கணத்தைக் கண்டாலே ஓடும் பிள்ளைகள் அன்றைக்குத் தமிழ் வினைகளைத் தாங்களாகவே பிரித்துப் பார்த்தார்கள்.

நாவியில் கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல், கேட்பவரை விட்டுவிட்டுச் சொல்ல வேறு சொல். நம் ‘நாம்’, ‘நாங்கள்’ போலவே. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லை, இந்தியிலும் இல்லை. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை ஒன்று ‘மனம்’, ‘மேமு’ என்று உடனே சொன்னது. கோடிக்கணக்கில் பணம் போட்டு எடுத்த படத்தில் வேற்றுக்கிரகத்து ஆட்களுக்குக் கொடுத்த இலக்கணம் தங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது என்று தெரிந்தபோது அந்தப் பிள்ளைகள் முகத்தில் வந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான் அவர்களுடைய மொழி. கடலிலேயே பிறந்து கடலிலேயே வாழும் ஒரு கூட்டம் பேசுவதாகக் கற்பனை செய்துகொண்டார்கள். வலது, இடது என்று அந்த மொழியில் கிடையாது. கரைப்பக்கம், கடல்பக்கம், வாடை அடிக்கும் பக்கம், அதற்கு எதிர்ப்பக்கம், அவ்வளவுதான். கடல் உயர்திணையா அஃறிணையா என்று பெரிய சண்டை. உயர்திணை என்று முடிவானது. மீன் வலையில் விழும்வரை ஒரு திணை, விழுந்த பிறகு வேறு திணை என்று ஒருவன் சொன்னதை மற்றவர்கள் ஏற்கவில்லை. எனக்கென்னவோ அது பிடித்திருந்தது.

‘போட் வந்தது’ என்ற வாக்கியத்தில் வந்து நின்றுவிட்டார்கள். அப்பா கடலுக்குப் போகிற ஒரு பெண் சொன்னாள்: “நானே பாத்தா ஒரு மாரி சொல்லணும், யாரோ சொல்லிக் கேட்டா வேற மாரி சொல்லணும்கா. ரெண்டும் ஒண்ணு இல்ல.” யாரும் மறுத்துப் பேசவில்லை. புயல் எச்சரிக்கை நேரத்தில் துறைமுகத்தில் நின்று காத்திருக்கும் வீடுகளுக்கு இந்த வேறுபாடு தெரியும். கண்ணால் பார்த்ததற்கு வினையின் கடைசியில் ‘லு’, காதால் கேட்டதற்கு ‘லே’ என்று விதி எழுதினார்கள். இரண்டில் ஒன்று வராவிட்டால் அந்த வாக்கியம் தப்பு.

துருக்கிய மொழியில் இது உண்மையிலேயே இருக்கிறது. நேரில் அறிந்து ‘வந்தான்’ என்றால் ‘கெல்தி’. பிறர் சொல்லித் தெரிந்தது என்றால் ‘கெல்மிஷ்’. நான் இதைச் சொல்லி முடிக்கும் முன் பின்னால் இருந்து ஒரு குரல்: “தமிழ்லயே கீதுக்கா. வந்துச்சு, வந்துச்சாம்.” ஆமாம். ‘ஆம்’ என்ற அந்தச் சின்ன ஒட்டு. பிறந்ததிலிருந்து பேசுகிறார்கள், அதற்கு ஒரு வேலை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தார்கள். தமிழில் வேண்டுமானால் சேர்க்கலாம், விடலாம். எங்கள் மொழியில் விடக் கூடாது, அதனால் எங்களுடையது கறாரானது என்று விளக்கமும் கொடுத்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்!

வடசென்னைப் பிள்ளைகளுக்கு இது ஏன் இன்னும் முக்கியம் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ‘உங்க பாஷையில இலக்கணமே கிடையாது’ என்ற வசவைக் கேட்காமல் இங்கே ஒரு பிள்ளையும் பள்ளி முடிப்பதில்லை. வகுப்பில் எல்லோர் முன்னாலும் ஆசிரியர் அப்படிச் சொன்னதால் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்ட ஒரு பெண் எங்களிடம் படித்தாள். கடல் மொழிக்கு விதி எழுதிப் பழகியவர்கள் அதே நோட்டில் தாங்கள் பேசுவதற்கும் விதி எழுதத் தொடங்கினார்கள். வந்துனுகீறேன், வந்துனுகீற, வந்துனுகீறான், வந்துனுகீது. ‘நான் வந்துனுகீறான்’ என்று எந்தத் தெருவிலும் யாரும் சொல்வதில்லை. வந்துகொண்டிருக்கிறேன் என்பதில் இருக்கும் அதே உறுப்புகள், அதே வரிசையில், தேய்ந்து நிற்கின்றன. ‘இன்னாத்துக்கு’ என்பதில் ‘மரத்துக்கு’ என்பதில் வரும் அதே அத்துச் சாரியை. இதெல்லாம் இலக்கணம் இல்லை என்றால் வேறு எதை இலக்கணம் என்பது? எழுத்துத் தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் விதி தெரிந்த பிள்ளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதாகப் போகிறது. அந்தப் பெண் இப்போது கட்டுரை எழுதுகிறாள், நன்றாகவே எழுதுகிறாள்.

‘தாய்மொழியே ஒழுங்காக வரவில்லை, இதில் இல்லாத மொழி எதற்கு’ என்று பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கவலை. கடல் மொழியை யாரும் பேசப்போவதில்லை, அது நோட்டோடு முடிந்துவிடும். அதைச் செய்ய அவர்கள் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் தமிழ் என்ன செய்கிறது என்று திரும்பிப் பார்த்தார்களே, அதுதான் படிப்பு. பாடத்திட்டத்துக்கே நேரம் போதவில்லை என்கிறார்கள் ஆசிரியர்கள். அதுவும் உண்மைதான். ஆனால் இதற்கு நோட்டும் பேனாவும் போதும், பருவத்துக்கு இரண்டு பாடவேளை ஒதுக்கினால் போதும். தயவுசெய்து மதிப்பெண் மட்டும் போட வேண்டாம். போட்டால் இதற்கும் மறுவாரமே ஒரு கைடு வந்துவிடும்.

முதல் நாளில் மூன்றே கேள்வி கேளுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் எப்படிச் சொல்வீர்கள்? நேற்று நடந்ததை எப்படிச் சொல்வீர்கள்? யார் யாரை அடித்தார்கள் என்பது கேட்பவருக்கு எப்படித் தெரியும்? மூன்றாவதுக்குப் பதில் தேடும்போது வேற்றுமை உருபு தானாக வந்து நிற்கும். எங்கள் பிள்ளைகளின் விதி நோட்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். தமிழாசிரியர்கள் யாராவது வகுப்பில் செய்து பார்ப்பதாக இருந்தால் சொல்லுங்கள், பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு அனுப்பிவைக்கிறேன்.