அந்தப் பன்னிரண்டு கட்டச் சார்ட்டைக் கழட்டி எறிங்கய்யா!

கும்பகோணத்துலேர்ந்து பட்டுக்கோட்டை வரைக்கும் எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குள்ள நுழைஞ்சாலும் செவுத்துல அதே டென்ஸ் சார்ட்டு. மூணு காலம், காலத்துக்கு நாலு வகை, மொத்தம் பன்னிரண்டு கட்டம். வேத பாடசாலையில குரு சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வாங்களே சந்தைன்னு, பிள்ளைங்க அந்த மாதிரி "கோ, வென்ட், கான்"னு ஒப்பிக்குதுங்க. வெளிய வந்ததும் "நேத்து எங்கடா போனே?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டா பதில் என்ன? "ஐ ஹேட் கான் டு தஞ்சாவூர் யெஸ்டர்டே."

பையனைத் திட்டாதீங்க. வீட்டுல "நேத்து தஞ்சாவூர் போயிருந்தேன்"னுதானே பேசுறோம்? நம்ம 'போயிருந்தேன்' தனியா நிக்கும். இங்கிலீஷ் 'ஹேட்' அப்படி நிக்காது; இங்க வெறும் 'ஐ வென்ட்' போதும். பக்கத்துல இன்னொரு பழைய சம்பவம் வேணும். வாய்க்கால்ல தண்ணி வந்துச்சு, அதுக்கு முன்னாடியே வயலை உழுதாச்சு. "வென் தி வாட்டர் கேம், வி ஹேட் ஆல்ரெடி ப்ளௌட் தி ஃபீல்ட்." ரெண்டுல முந்தி நடந்ததுக்கு மட்டும்தான் ஹேட். தண்ணி பேச்சே இல்லேன்னா "வி ப்ளௌட் தி ஃபீல்ட்", முடிஞ்சுது. 'பிஃபோர்', 'ஆஃப்டர்' போட்டு வரிசையைச் சொல்லிட்டா ஹேட் இல்லாமலே பெரும்பாலும் ஓடிடும். இதைச் சொல்ல அஞ்சு நிமிஷம் ஆகுமா? சொல்ல மாட்டாங்க. 'பாஸ்ட் பெர்ஃபெக்ட்'னு பேரை எழுதிப் போட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவிடுவாங்க.

அடுத்த கூத்து ஹேவ், ஹேஸ். 'பார்த்திருக்கேன்'னா 'ஹேவ் சீன்'னு சொல்லிக் கொடுத்தாச்சு, சரி. எப்போ வரக்கூடாதுன்னு யாரு சொல்றது? முடிஞ்சுபோன நேரத்தைச் சொல்லிட்டா ஹேவ் உள்ள வரக்கூடாது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, எதுவா இருந்தாலும் சரி. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16. அதனால "கஜா கிராஸ்ட் தி கோஸ்ட் இன் 2018". 'ஹேஸ் கிராஸ்ட்'னா தப்பு. அதே புயல்ல தென்னந்தோப்பு போயி இன்னைக்கும் கையில காசு இல்லேன்னா, "வி ஹேவ் லாஸ்ட் அவர் ட்ரீஸ்". வருஷத்தைச் சொல்லல, அடி இன்னும் வலிக்குது, ஹேவ் பொருந்தும். அதோட 'இன் 2018'னு சேர்த்துப் பாருங்க, ஹேவ் உடனே கழண்டுக்கணும்.

'டிட் யூ வென்ட்?', 'ஐ டிட் நாட் கேம்' கேக்கிறப்பதான் பத்திக்கிட்டு வருது. டிட் வந்தாலே காலத்தை அது சுமந்துடுச்சு. பின்னால வெறும் கோ, வெறும் கம். ரெண்டு பேரு தலையிலயும் ஒரே மூட்டையை ஏத்துவானேன்? (வேணும்னே 'ஐ டிட் கோ'ன்னா 'போனேன்யா, நம்பு'ன்னு அழுத்தம். அது வேற.)

நடவு பாதியில மழை பிடிச்சா "வி வேர் பிளான்டிங் வென் இட் ஸ்டார்டட் டு ரெயின்". இது மட்டும் எல்லாருக்கும் வந்துடுது, நம்ம 'நட்டுக்கிட்டிருந்தோம்' அப்படியே பொருந்துறதால.

உச்சரிப்பைத் தொடவே மாட்டாங்க. 'குக்கெட்', 'வாஷெட்'னு மேடையேறிப் பேசுது பிள்ளை. 't' சத்தத்துலயோ 'd' சத்தத்துலயோ முடியிற வினைக்கு மட்டும்தான் கடைசியில ஒரு அசை கூடும்: வாண்டட், நீடட். மத்ததுல அசை ஏறாது: குக்ட், வாஷ்ட், ப்ளேய்ட், மூணும் ஒரே அசை. 'ரீட்' இருக்கே, இறந்தகாலத்துல ஒரு எழுத்துகூட மாறாது, வாயில மட்டும் 'ரெட்'. வினைப் பட்டியல்ல மூணு கட்டத்துலயும் ஒண்ணுபோல அச்சடிச்சிருக்கு; பிள்ளைங்க மூணையும் 'ரீட், ரீட், ரீட்'னு கத்துதுங்க, வாத்தியாரும் தலையாட்டுறாரு.