கை நின்றது சரி, நடையையும் காட்டுங்கள்

தம்ளரை எடுத்தால் பாதித் தண்ணீர் சட்டையில். சில மணி நேரம் கழித்து அதே கை, அதே தம்ளர், ஒரு சொட்டு சிந்தவில்லை. கை நடுக்கத்துக்கு, ஒலி அலைகளை மூளையில் ஒரே புள்ளியில் குவித்துச் சுடும் ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்ட் சிகிச்சை பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்கள் எல்லாம் இப்படித்தான். பொய்யில்லை, நிஜமாகவே நடக்கிறது. வீடியோ அங்கேயே முடிந்துவிடுகிறதே, அதுதான் எனக்கு உறுத்தல்.

மொட்டையடித்த தலையில் சட்டத்தைத் திருகி, எம்ஆர்ஐக்குள் படுக்க வைப்பார்கள். ஹெல்மெட் மாதிரி ஒரு கருவி, அதில் ஆயிரத்துச் சொச்சம் ஒலிமுனைகள். மண்டை ஓடு சூடாகாமலிருக்கச் சுற்றிலும் குளிர்ந்த நீர். அலைகள் எல்லாம் மூளையின் ஆழத்தில் தலாமஸ் என்ற பகுதியில் ஒரே புள்ளியில் சேரும்போதுதான் சூடு பிறக்கும். முதலில் மிதமாகச் சுட்டுப் பார்ப்பார்கள். ஆள் விழித்திருப்பார். பேனாவைக் கொடுத்துச் சுருள் வரையச் சொல்வார்கள். நாக்கு குழறுகிறதா, விரல் மரத்துப்போகிறதா என்று கேட்பார்கள். இடம் சரியென்றால் 55-60 டிகிரிக்கு ஏற்றி அந்தச் சில மில்லிமீட்டரைப் பொசுக்கிவிடுவார்கள்.

பொசுக்கினால் பொசுக்கியதுதான். மூளைக்குள் மின்முனை வைத்து மின்சாரம் செலுத்தும் டிபிஎஸ் சிகிச்சை என்றால் மண்டையில் துளை போட வேண்டும், ஆனால் மின்சாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தியும் விடலாம். இங்கே அந்த வசதி கிடையாது. கத்தி படவில்லை என்பதற்காக இதை ஸ்கேன் எடுப்பதுபோல நினைப்பவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

2016இல் 76 பேரை வைத்து நடந்த ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களின் கை நடுக்கம் மூன்று மாதத்தில் சராசரியாக 47 சதவீதம் குறைந்தது, ஒரு வருடத்தில் அது 40 ஆனது. நல்ல பலன்தான். ஆனால் 36 சதவீதம் பேருக்கு நடை தடுமாறியது. ஒரு வருடம் கழித்தும் 9 சதவீதம் பேருக்கு அது போகவில்லை. வயதானவருக்கு நடை தடுமாறினால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ அந்த வருடம் மூளையின் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் அனுமதி கொடுத்தது. மறுபக்கத்துக்கு 2022 வரை ஆனது, அதுவும் குறைந்தது ஒன்பது மாத இடைவெளி விட்டு.

பார்க்கின்சன் நோயால் நடுக்கம் உள்ளவர்களின் வீட்டார் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நடுக்கம் அடங்கலாம், நோய் தன் போக்கில் வளரும்.

வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மாத்திரைக்கு நடுக்கம் அடங்காமல், ஒரு வாய் சோற்றுக்கு அடுத்தவர் கையை எதிர்பார்த்திருப்பவர் இந்த ஆபத்துக்குத் துணிவது நியாயம்தான், நானும் துணிவேன். டாக்டரிடம் போகும்போது மட்டும் கை வீடியோவை ஒதுக்கிவிட்டுக் கேளுங்கள்: உங்களிடம் செய்துகொண்டவர்கள் ஒரு வருடம் கழித்து எப்படி நடக்கிறார்கள்? எத்தனை பேருக்கு நடுக்கம் திரும்பியது? எங்கள் ஆளின் மண்டை ஓடு இந்த அலையை உள்ளே விடுமா, சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தீர்களா?