சாகாமல் கற்றுக்கொள்ள ஒரு வழி

டிஎன்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்), அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக டைஸ் உருட்டிக் கதை ஆடுகிற ஆட்டம், அதை நடத்தும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்லணும். வீடியோ கேமில் பார்த்த மான்ஸ்டரை அப்படியே தூக்கிவந்து மேசையில் இறக்காதீர்கள். நானும் இறக்கிப் பார்த்தவன்தான். படம் அசத்தலாக இருக்கும், ஆட்டம் சப்பென்று முடிந்துவிடும்.

கேமில் பாஸ் என்கிற பெரிய எதிரி நம்மை இருபது தடவை கொல்லும். தோளை உயர்த்தினால் எந்தப் பக்கம் உருளணும், எப்போது ஓங்கி வெட்டணும் என்று செத்துச் செத்துத்தான் படிக்கிறோம். 2011-இல் வந்த டார்க் சோல்ஸ் கேம் முழுக்க இந்தப் படிப்புதான். மேசையில் அது நடக்காது. ஆறு மாதம் வளர்த்த கதாபாத்திரத்தை யார் இருபது தடவை சாகக் கொடுப்பார்கள்? அந்தப் பாடத்தைச் சாகாமலே கற்க வழி வைப்பது ஆட்டத்தை நடத்துகிற டிஎம்மின் (டன்ஜன் மாஸ்டர்) பொறுப்பு.

அதே டார்க் சோல்ஸில் ஓர்ன்ஸ்டீன், ஸ்மாவ் என்று இருவர் சேர்ந்து வருவார்கள். ஒருவன் விழுந்தால் மற்றவன் அவன் சக்தியையும் வாங்கிக்கொண்டு முழு உயிரோடு நிற்பான். இதை என் மேசையில் முதல் தடவை வைத்தபோது, "அண்ணாச்சி, இது அநியாயம்" என்றார்கள் ஆடியவர்கள். அவர்கள் சொன்னது சரி. அடுத்த கேம்பெய்னில், அதாவது பல நாள் ஆடுகிற தொடர்கதையில், போகிற வழியில் ஒரு ஊரில் கோயில் கொடை வைத்தேன். வில்லுப்பாட்டுக்காரர், அண்ணன் விழுந்த இடத்தில் தம்பி பனை உயரம் வளர்ந்த கதையைப் பாடினார். யாரை முதலில் சாய்ப்பது என்று அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். எனக்கு அந்த அரை மணி நேரம்தான் ஆட்டம்.

சுடலைமாடனை, இசக்கியை மான்ஸ்டராக்கலாமே என்று கேட்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். என் அத்தை பொங்கலிட்டுக் கும்பிடுகிற சாமிகள் அவை. எடுக்க நம் மண்ணே கிடக்கிறது.

2005-இல் வந்த ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் கேமில் மொத்தமே 16 பூதங்கள். இடையில் சில்லறை எதிரிகள் கிடையாது. ஒவ்வொரு பூதமும் ஏறிக் கடக்க வேண்டிய ஒரு மலை மாதிரி. அதை நான் தேரிக்காட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆடிக்காற்றில் நகரும் செம்மணல் மேடு ஒன்று, முதுகில் நாலு பனையோடு எழுந்து நிற்கிறது. முன்னாலேயே மூன்று அறிகுறி காட்டினேன்: காற்று நின்ற பிறகும் மணல் நகர்ந்தது, பனைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின, ஆடுகள் அந்த மேட்டில் ஏற மறுத்தன.

ஒரு சுற்றில் நாலு பேருக்கு நாலு முறை, பூதத்துக்கு ஒரே முறை என்றால் அது இரண்டு சுற்றில் செத்துவிடும். 2014-இல் வந்த டிஎன்டி ஐந்தாம் பதிப்பில், மற்றவர் முறை முடிந்ததும் பூதம் இடையில் புகுந்து ஏதாவது செய்கிற லெஜண்டரி ஆக்‌ஷன் இருப்பது இதற்காகத்தான். ஒவ்வொருவர் முறை முடிந்ததும் மேடு உடம்பை உதறும் என்று வைத்தேன். பிடிமானத்துக்கு ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை. ஒவ்வொரு உதறலுக்கும் டைஸ் உருட்டணும், தவறினால் ஒரு கொட்டை போகும்.

பனையேறியாக ஆடிய தம்பியிடம் கடைசியில் ஒரே கொட்டைதான் மிச்சம். நாங்கள் ஆடிய தட்டட்டியில் (மொட்டை மாடியில்) குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் டைஸைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணாச்சி, நான் உருட்டல. இடுப்புக் கயித்தப் பனையோட சேத்துக் கட்டிக்கிடுதேன்" என்றான்.

அப்படியொரு விதி நான் எழுதவே இல்லை. அந்தக் கொட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "சரி, கட்டிட்டே. இப்போ மேடு நடக்க ஆரம்பிக்குது" என்றேன்.