பத்து மணி என்றால் பத்து மணி இல்லையா?

நேர்காணல் காலை 10 மணிக்கு என்றார்கள். விழுப்புரத்தில் விடியுமுன் ரயில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, மேடவாக்கம் நெரிசலில் பஸ்ஸில் நசுங்கி, சோழிங்கநல்லூர் போய்ச் சேரும்போது மணி 9.40. வாசலில் பெயர், கைப்பேசி எண், நேரம் எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். 11 ஆனது. 1 ஆனது. சாப்பிடப் போனால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்து, தண்ணீரைக் குடித்தே வயிற்றை நிரப்பினேன்.

கூப்பிட்டபோது மணி 2.50. எதிரில் இருந்தவர் என் விண்ணப்பத்தை அப்போதுதான் முதன்முதலாகப் புரட்டுகிறார். "எத்தனை வருட அனுபவம்?" முதல் வரியிலேயே இருக்கிறதே ஐயா! பதில் சொல்லச் சொல்ல அவர் கண் மடிக்கணினியை விட்டு நகரவில்லை. ஆறே நிமிடம். "சொல்லி அனுப்புகிறோம்."

யார் சொல்லி அனுப்பினார்கள்? மூன்று வாரம் ஆகிறது. மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. அழைத்தால் எடுப்பதில்லை. வேலை இல்லை என்று ஒரு வரி எழுத என்ன செலவாகிவிடும்?

இன்னொரு இடத்தில் உடனே சேர வேண்டுமாம். அவர்கள் ஊழியர் விலகினால் மட்டும் 90 நாள் முன்னறிவிப்பு கட்டாயம்! வேறொரு நிறுவனத்தில், தரப்போகும் சம்பளத்தைச் சொல்லவே மாட்டார்கள். என்னுடைய மூன்று மாதச் சம்பளச் சீட்டு மட்டும் உடனே வேண்டும்.

வேலை தேடுகிறவனுக்கு நேரம் இல்லையா? பசி இல்லையா? அன்று இரவு வீடு திரும்பியபோது, அம்மா கதவைத் திறந்ததும் கேட்டது ஒன்றுதான்: "என்ன சொன்னார்கள்?"