1855இல் வண்டலூரில் உயிரியல் பூங்காவா?

“வண்டலூர் உயிரியல் பூங்கா 1855இல் ஆங்கிலேயர் அந்தக் காட்டிலேயே அமைத்தது” என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. ஆண்டு சரி, இடம்தான் தவறு.

1855இல் சென்னையின் உயிரியல் பூங்கா தொடங்கியது எழும்பூரில், பாந்தியன் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியக வளாகத்தில். அதன் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர், அருங்காட்சியகத்துக்கு மக்களை ஈர்ப்பதற்காக, கர்நாடக நவாபிடம் பேசி அவர் வளர்த்துவந்த விலங்குகளைப் பெற்றார். அடுத்த ஆண்டே அங்கிருந்த உயிரினங்களின் எண்ணிக்கை 300ஐத் தாண்டியது. 1860களில் அது சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டு, மாநகராட்சியின் பொறுப்பில் நூறாண்டுக்கும் மேலாக அங்கேயே இயங்கியது. அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் இதை ‘உயிர் காலேஜ்’ என்றும் பழைய சென்னைவாசிகள் அழைத்தது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. இரண்டும் ஒரு காலத்தில் ஒரே வளாகத்தில் இருந்தவை.

நகர நெரிசலில் விரிவாக்க இடமில்லாமல் போகவே, 1979இல் வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. இன்றைய அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவை 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார்.

பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலுள்ள வரலாற்றுப் பக்கத்தில் இதைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.