கால் நனைக்காமல் திரும்பிய ஊற்று

போன மாதம் குடும்பத்தோடு நெவாடாவில் உள்ள ஆஷ் மெடோஸ் சரணாலயத்துக்குப் போய் வந்தோம். லாஸ் வேகஸிலிருந்து சுமார் 145 கிலோமீட்டர். வழியெல்லாம் மொட்டை மலையும் உப்புப் பூத்த மண்ணும்தான். "இங்க எங்கப்பா தண்ணி இருக்கப் போகுது?" என்றாள் மகள்.

மரப்பலகைப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்ததும் கிங்ஸ் பூல் என்ற குளம். பாலைவனத்துக்கு நடுவே, அடிமண் தெரியும் அளவுக்குத் தெளிந்த நீலத் தண்ணீர். எங்கோ மலைகளில் பல்லாயிரம் வருடங்களுக்கு முன் பெய்த மழையும் பனியும் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, ஆழத்தில் சூடேறி, இங்கே வெதுவெதுப்பாக வெளியே வருகிறது. கரையோரப் பாறைகளில் குழிகள். நம் ஊர் சீமைக்கருவேலத்தின் சொந்தக்கார மரமான மெஸ்கீட்டின் காய்களைப் பழங்குடி மக்கள் இடித்து மாவாக்கிய குழிகள் அவை.

"காலை மட்டும் நனைச்சுக்கறேனேப்பா" என்று கெஞ்சினாள். கூடாது என்றேன். இவ்வளவு தூரம் வந்தும் ஊற்றில் இறங்க விடவில்லையே என்று பக்கத்தில் சிலர் குறைபட்டுக்கொண்டார்கள். எனக்கு அந்த விதி முழுக்க முழுக்கச் சரி என்றுதான் படுகிறது. குப்புறப் படுத்துத் தண்ணீரைப் பாருங்கள். சுண்டுவிரல் நீளத்தில் பளீரென்ற நீலத்தில், பப்ஃபிஷ் என்ற மீனின் ஆண் ஒன்று, உள்ளங்கை அகல இடத்தைச் சுற்றிச் சுற்றிக் காவல் காக்கும். வேறு மீன் கிட்டே வந்தால் பாய்ந்து விரட்டும். அதன் வீடு அவ்வளவுதான். உலகில் வேறெங்கும் இல்லாத இருபதுக்கும் மேற்பட்ட செடிகளும் உயிர்களும் இந்தச் சரணாலயத்தில் இருக்கின்றன. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்களாலும் ஊற்றுகளைச் சிதைத்ததாலும் இங்கிருந்த ஒரு மீன் இனம் ஏற்கெனவே அற்றுப்போய்விட்டது.

காலை நனைப்பதைவிடப் பெரிய ஆபத்து பம்புசெட். பக்கத்திலேயே டெவில்ஸ் ஹோல், 33 டிகிரி வெந்நீர் நிற்கும் பாறைப் பிளவு. அங்குள்ள மீன்கள் முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழுள்ள ஒரு பாறைத் திட்டில். 1960களின் கடைசியில் சுற்றுப்புறப் பண்ணைகள் நிலத்தடி நீரை உறிஞ்ச, அந்தத் திட்டு வெளியே தெரிய ஆரம்பித்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1976இல் மீனின் பக்கம் தீர்ப்பு வந்தது. அப்படியும் 2013இல் எண்ணியபோது இருந்தவை வெறும் 35. பிறகு கொஞ்சம் தேறின. 2016இல் குடித்துவிட்டு வேலி தாண்டிய மூவரில் ஒருவன் அதற்குள் இறங்கிக் குளித்தான். படித்தபோது வயிறு எரிந்தது.

இந்த இடத்தையே மனை போட்டு ஊராக்கப் பார்த்தார்கள். அதைத் தடுத்துத்தான் 1984இல் சரணாலயம் வந்தது. 2023இல் எல்லையை ஒட்டி லித்தியம் தேடித் துளை போட ஒரு திட்டம் வந்து, வழக்குப் போட்டதும் அனுமதி திரும்பப் பெறப்பட்டது. பேட்டரிக்கு லித்தியம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் வேலிக்கு வெளியே துளை போட்டாலும் தண்ணீர் ஒன்றுதானே? அடுத்த திட்டத்தோடு வருபவர்கள் முதலில் அந்தப் பலகையில் ஒரு மணி நேரம் குப்புறப் படுத்துப் பார்க்கட்டும்.